தெரியாத வினாவுக்கு விடை

ஆங்கிலத்தில் வாய்மொழிப் பரீட்சை என்றவுடன் நம் மாணாக்கர் முதலில் அஞ்சுவது இலக்கணத்தையும் உச்சரிப்பையுமே. பரீட்சை முடிந்து வெளியே வருபவரைக் கேட்டாலோ அவர் வேறொன்றைச் சொல்வார். "கேள்வி விளங்கியது, சேர். ஆனால் அதைப்பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வாய் அடைத்துப் போயிற்று" என்பார். பல வருடங்களாக இந்த ஒரே முறைப்பாட்டைப் பல குரல்களிற் கேட்டு வருகின்றேன். இது ஆங்கில உபாத்தியாயர் ஒருவரால் மாத்திரம் தீர்க்கப்படக்கூடிய குறையன்று. வீட்டாருக்கும் இதிற் பெரும் பங்குண்டு. ஆதலால் இக்கிழமை இப்பகுதியில் இதனையே எடுத்துக்கொள்கின்றேன்.

நான் குறிப்பிடும் பரீட்சை ஐ.ஈ.எல்.ரீ.எஸ். என வழங்குவது. பிரிட்டிஷ் கவுன்சில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பரீட்சைப் பிரிவு, அவுஸ்திரேலியாவின் ஐ.டீ.பீ. ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்துவது. 1980ஆம் ஆண்டில் வேறு பெயருடன் பிறந்த பரீட்சையொன்று 1989இல் இப்பெயரைப் பெற்றது. அதன் பேச்சுப் பகுதி இன்றைய வடிவத்தை 2001இல் எடுத்தது. நம்மவருள் இதற்குத் தோற்றுவோர் பலவகையினர். மேற்படிப்புக்குப் போகும் இளைஞர், பிறநாட்டிற் குடியேற எண்ணும் குடும்பத்தலைவர், தாதித் தொழிலுக்குச் செல்லும் பெண்கள் எனப் பலர். பிரித்தானியாவிற் தாதியாகப் பதிவுபெற விரும்பும் ஒருத்தி இப்பரீட்சையின் வழியே போவாளாயின், அந்நாட்டின் தாதியர், மருத்துவமாதர் சபை வாசித்தல், கேட்டல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7 என்ற படியையும், எழுத்தில் 6.5 என்ற படியையும் எதிர்பார்க்கின்றது. அப்பெண் வாசிப்பில் 8 பெற்றாலும், எழுத்தில் 7 பெற்றாலும், பேச்சில் 6.5 உடன் நின்றுவிட்டால் கதவு திறவாது. அந்த அரைப் படிக்காக வீட்டில் எத்தனை சங்கிலி அடகுக்குப் போகின்றது என்பதைப் பெற்றார் அறிவர்.

அரைப் படி எங்கே நழுவுகின்றது? பெரும்பாலும் அந்தச் சில கணங்களின் மௌனத்திலேதான்.

பரீட்சையின் அமைப்பை அறியாதவர்க்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். ஓர் அறை, ஒரு பரீட்சகர், ஒரு பரீட்சார்த்தி, பேச்சை முழுவதும் பதிவு செய்யும் ஒலிப்பதிவுக் கருவி. மொத்தம் 11 முதல் 14 நிமிடங்கள். முதற்பகுதியில் வீடு, படிப்பு, தொழில், விருப்பங்கள் என்பன பற்றி 4, 5 நிமிடம் உரையாடல். இரண்டாவதில் ஓர் அட்டை தரப்படும். அதிலுள்ள விடயம் பற்றிச் சிந்திக்க ஒரு நிமிடமும், குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் கிடைக்கும். பின்னர் 1 முதல் 2 நிமிடம் தனியே பேச வேண்டும். அட்டையை மாற்றித் தரும்படி கேட்க இடமில்லை. மூன்றாவது பகுதியில் அந்த அட்டையின் விடயத்திலிருந்தே பொதுவான, ஆழமான வினாக்கள் எழும். இதற்கும் 4, 5 நிமிடம். "உமக்குப் பிடித்த கட்டடம் ஒன்றைப்பற்றிச் சொல்லும்" என்று அட்டை கேட்டால், மூன்றாம் பகுதியில் "பழைய கட்டடங்களைக் காப்பதற்கு அரசாங்கம் பணஞ் செலவிடுவது தகுமா?" என்று பரீட்சகர் கேட்கலாம். நம் பிள்ளைகள் இடறி விழுவது இந்த இடத்தில்.

இப்போது இன்னொன்றைக் கவனிக்குக. பரீட்சகர் புள்ளியிடுவது நான்கு விடயங்களுக்கு: பேச்சின் ஓட்டமும் தொடர்பும், சொல்வளம், இலக்கணத்தின் வகையும் திருத்தமும், உச்சரிப்பு. நான்கிற்கும் சம நிறை. கருத்துச் சரியா பிழையா என்பதற்கு அங்கே புள்ளி இல்லை. பொது அறிவுக்கும் இல்லை. பழைய கட்டடங்களை இடித்துவிட வேண்டும் என்று ஒருவன் சொன்னாலும், காப்பாற்ற வேண்டும் என்று மற்றொருவன் சொன்னாலும், எவ்வாறு சொன்னார்கள் என்பதே கேள்வி. இதை மாணாக்கருக்கு எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மறுக்கின்றார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களாக "சரியான விடை" ஒன்றையே தேடிப் பழகிய மனத்துக்கு, சரியான விடையே இல்லாத வினா ஒரு பொறியாகத் தோன்றுவது இயல்புதான்.

அதிலும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. பரீட்சை நடத்துவோர் வெளியிட்டுள்ள படிவிளக்கத்தில், 8, 9 ஆகிய உயர்ந்த படிகளைப் பெறுவோரும் பேச்சில் தயங்கலாம் என்றே கொள்ளப்பட்டுள்ளது. ஆனால் அத்தயக்கம் என்ன சொல்வது என்று கருத்தைத் தேடும் தயக்கமாய் இருக்கவேண்டும். சொல்லையும் இலக்கணத்தையும் தேடும் தயக்கமாய் இருத்தலாகாது. வினாவைக் கேட்டதும் சற்று நிதானிப்பது குற்றமன்று என்பது இதனாற் பெறப்படும். கடினமான வினாவுக்கு ஆங்கிலேயனும் சற்று யோசித்தே பேசுகின்றான். குற்றமாவது நிதானமன்று, வெறுமை.

இனி, கடினம் என்று மாணாக்கர் சொல்வதெல்லாம் ஒரே கடினமன்று. வினா காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் பொருள் விளங்கவில்லை என்பது ஒரு வகை. இதற்கு மருந்து எளிது. திருப்பிக் கேட்கும்படி பணிவாகச் சொல்லலாம். அதனாற் புள்ளி குறையாது. முதற்பகுதியிற் பரீட்சகர் தம்மிடமுள்ள வசனத்தை ஒட்டியே பேசக் கட்டுப்பட்டவர். மூன்றாம் பகுதியில் வினாவை வேறு விதமாக அமைத்துக் கேட்க அவருக்குச் சுதந்திரம் உண்டு. ஆகவே அங்கே "நீங்கள் இன்னதைத்தானா கேட்கின்றீர்கள்?" என்று தெளிவுபடுத்திக்கொள்வது புத்தியுள்ளவர் செயல். நம் பிள்ளைகள் இதைச் செய்யார். பெரியவரிடம் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி, விளங்காத வினாவுக்கு ஊகத்தால் விடை சொல்லி, கேட்டது ஒன்று சொன்னது ஒன்றாக முடிப்பர். இந்த மரியாதை யாருக்கும் பயன்படுவதில்லை.

சொல் கிடையாமை இன்னொரு வகை. இதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. அறியாத சொல்லைச் சுற்றி வேறு சொற்களால் உணர்த்தும் ஆற்றலைப் படிவிளக்கம் சொல்வளத்தின் கீழ் வெளிப்படையாகவே மதிக்கின்றது. கிணற்றுத் துலாவை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது என்று ஒரு பிள்ளை திகைத்து நின்றாள். "சொல்லை விடு, பொருளைக் காட்டு" என்றேன். ஒரு முனையிற் பாரம் கட்டிய நீண்ட மரம், மறுமுனையிற் கயிறும் வாளியும், என் பாட்டனார் காலத்தில் அதில் ஏறி நடந்து தண்ணீர் இறைத்தார்கள் என்று நான்கு வாக்கியங்களில் அழகாகச் சொல்லிவிட்டாள். அந்த ஆங்கிலச் சொல்லை அவள் அறிந்திருந்தால் ஒரே சொல்லோடு முடிந்திருக்கும்; நான்கு வாக்கியமும் பிறந்திரா. ஒடியல் மாவும் அப்படித்தான், புழுக்கொடியலும் அப்படித்தான்.

மூன்றாவது வகையே பொல்லாதது. வினா விளங்கும், சொல்லும் உண்டு, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. இதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கின்றேன். பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு மாணவனிடம், நூதனசாலைகளில் அனுமதிக் கட்டணம் அறவிடலாமா என்று ஆங்கிலத்திற் கேட்டேன். ஆள் நல்ல கெட்டிக்காரன், எழுத்திற் பிழை காண்பது அரிது. கூரையைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான், பேச்சில்லை. சரி, மொழிதான் தடையோ என்று அதே வினாவைத் தமிழிற் கேட்டேன். அப்போதும் கூரையும் நிலமுந்தான்! தடையாயிருந்தது ஆங்கிலமன்று என்பது எனக்கு விளங்கிற்று.

"தம்பி, நூதனசாலையை விடு. உன் ஊர் வாசிகசாலைக்குள் நுழைய நாளை முதல் ஐம்பது ரூபா என்று அறிவித்தால் என்ன நடக்கும்?" என்றேன்.

முகம் மாறிற்று. "அப்பப்பா வரமாட்டார், சேர்" என்றான். அவர் நாள்தோறும் காலையில் அங்கே போய் மூன்று பத்திரிகைகளை வாசிக்கிறவராம். அவரைப் போல ஏழெட்டுப் பேர் உண்டாம். கட்டணம் வந்தால் அவர்கள் நின்றுவிடுவார்கள். பிறகு அந்த விறாந்தையிற் பேச்சும் இராது. "அப்படியானால் மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது?" என்றேன். சற்று யோசித்து, வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்புகின்றார்கள், ஆனால் அது எப்போதும் வருமென்று சொல்ல முடியாது என்றான். "வெளியூரிலிருந்து பார்க்க வருபவரிடம் வாங்கலாம், ஊரவரிடம் வாங்கக்கூடாது" என்றும் தானாகவே சேர்த்துக்கொண்டான். இனி நூதனசாலைக்குப் போவோம் என்றேன். போவதற்கு வழி தயாராயிருந்தது. உல்லாசப் பிரயாணிகளிடம் கட்டணம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இலவசம், பராமரிப்புச் செலவுக்கு அரசாங்க உதவி என்று ஆங்கிலத்தில் ஒன்றரை நிமிடம் பேசினான்.

இதில் நான் அவனுக்குக் கற்பித்தது ஒன்றுமில்லை. பெரிய வினாவைத் தன் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து, அங்கே ஓர் ஆளை வைத்துப் பார்த்து, மீண்டும் பெரிய வினாவுக்குத் திரும்பினான். அவ்வளவுதான். இலக்கணமும் தானே வந்ததைக் கவனித்தேன். "கட்டணம் வைத்தால் அவர் வரமாட்டார்" என்று சொல்லப் புகுந்தபோது நிபந்தனை வாக்கியம் வந்தது. "அவர் இளமையிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறார்" என்றபோது காலங்கள் வந்தன. உள்ளூரவரையும் வெளியூரவரையும் ஒப்பிட்டபோது ஒப்பீட்டுச் சொற்கள் வந்தன. இலக்கணத்தின் வகைக்குப் பரீட்சகர் தரும் புள்ளி, சொல்ல வேண்டிய கருத்தைப் பின்தொடர்ந்து வருவது. வகுப்பிலே வாக்கிய அமைப்புகளைத் தனியே மனனஞ் செய்து, பேச்சில் எங்கே செருகலாம் என்று பார்த்திருப்பவர்க்கு அது வாய்ப்பதில்லை.

தொடக்கத்திற்கு ஒரு வாக்கியம் வேண்டும் என்பர். "இதைப்பற்றி முன்னர் நான் சிந்தித்ததில்லை, இப்போது தோன்றுவதைச் சொல்கின்றேன்" என்ற பொருள்பட ஒன்று போதும். உண்மையாகவும் இருக்கும், மூச்சுவிட அவகாசமும் தரும். ஆனால் அதை உண்மையாகவே சிந்திக்காத வினாவுக்கு மாத்திரம் வைத்துக்கொள்க. "உமது வீடு எங்கே இருக்கின்றது?" என்ற வினாவுக்கும் "இது மிகவும் சுவாரசியமான கேள்வி" என்று தொடங்கிய பிள்ளையை நான் அறிவேன். எந்த ரியூசன் வகுப்பில் அந்த வாக்கியம் விற்கப்பட்டதோ!

நிற்க. மாதிரி விடைகளைக் கட்டுக்கட்டாக மனனஞ் செய்யும் வழக்கத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மனனஞ் செய்த பேச்சை இனங்காணப் பரீட்சகர் பயிற்றப்பட்டவர். சாதாரண வினாக்களுக்குத் திக்கித் திணறியவன் திடீரென்று பத்திரிகைத் தலையங்கம் போலப் பேசத் தொடங்கினால் எவருக்குத்தான் தெரியாது? மூன்றாம் பகுதி மனனத்துக்குப் பிடிகொடாத பகுதி. விடையிலிருந்தே அடுத்த வினா பிறக்கலாம்.

இரண்டாம் பகுதியில் அட்டை கேட்கும் அனுபவம் தனக்கு நேரவில்லையென்றால் கற்பனையாய்ச் சொல்லலாமா என்று பலர் கேட்பதுண்டு. பரீட்சையின் விதி அதைத் தடுக்கவில்லை. சொல்வது மெய்யா என்று எவரும் சோதிப்பதில்லை. ஆயினும் நான் அதை விரும்புவதில்லை. இதற்கு அறநெறி மாத்திரம் காரணமன்று. பொய்க்கு விவரம் போதாது. போகாத ஊருக்குப் போனதாகச் சொல்லுபவன் இருபது விநாடியில் வறண்டுவிடுவான். பின்னர் பரீட்சகர் சிறிதாக ஒன்று கேட்டாலும் தடுமாறுவான். தனக்கு நேராவிடில் அக்காளுக்கு நேர்ந்ததைச் சொல்லலாம், மாமா சொன்னதைச் சொல்லலாம். அவ்வாறு சொல்லித் தொடங்குவதும் ஆங்கிலந்தான்.

பரீட்சகரின் முகத்தைப்பற்றியும் ஒரு சொல். அவர் "நன்று" என்று சொல்லார், தலையசைத்து உற்சாகப்படுத்தார், பாதியிலே நிறுத்தி அடுத்த வினாவுக்குப் போவார். இதைக் கண்டு மனமுடைந்து "எனக்குப் போய்விட்டது" என்று அழுதுகொண்டு வந்த பெண்பிள்ளைகள் உண்டு. நிமிடக் கணக்கை அவர் மீற முடியாது; எல்லாரையும் ஒரேவிதமாக நடத்தும் கடமையும் அவருக்குண்டு. அன்றியும், மூன்றாம் பகுதியில் வினா வரவரக் கடினமாகின்றதென்றால், பரீட்சார்த்தியின் எல்லை எங்கே என்று அவர் தேடுகின்றார் என்றே கொள்ளலாம். எளிய வினாவோடு நிறுத்திக்கொள்பவரைக் கண்டே நான் கவலைப்படுவேன்.

உச்சரிப்பிலும் நம் ஊர்த் தொனியை மறைக்க வேண்டியதில்லை. கேட்பவருக்குச் சிரமமின்றி விளங்குகின்றதா என்பதே அளவுகோல். தொண்டையைத் திருகி இலண்டன்காரனாக முயலுபவர்க்குச் சொற்களும் திருகிக்கொள்கின்றன.

இப்போது வீட்டாரிடம் வருகின்றேன். அந்த மாணவன் தமிழிற் கேட்டபோதும் ஏன் பேசவில்லை? அவனிடம் எவரும் அதுவரை அபிப்பிராயம் கேட்டதில்லை. நம் வீடுகளிற் பிள்ளையிடம் கேட்கப்படும் வினாக்கள் எவை? சாப்பிட்டாயா, படித்தாயா, எத்தனை புள்ளி, வகுப்பில் யார் முதலாவது. நான்கிற்கும் ஒற்றைச் சொல் விடை போதும். பள்ளிக்கூடத்திலும் நாங்கள், ஆசிரியர்கள், கேட்பது புத்தகத்தில் விடையுள்ள வினாவையே. பெரியவர்கள் பேசுமிடத்திற் பிள்ளை வாய் திறந்தால் "உனக்கென்ன தெரியும்" என்கின்றோம். பதினெட்டு வருடம் இவ்வாறு வளர்த்துவிட்டு, முன்பின் அறியாத ஒருவர் முன்னிலையில், அந்நிய மொழியில், அரசாங்கச் செலவைப்பற்றி ஒரு கருத்துச் சொல் என்று பெருந்தொகை கட்டி அனுப்புகின்றோம்.

ஆதலால் ஆங்கிலம் அறியாத தாயும் இப்பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தஞ் செய்யலாம் என்பது என் துணிபு. இரவுச் சாப்பாட்டின்போது தமிழிலே ஒரு வினா. விடை ஒரு நிமிடம் நீள வேண்டும். ஏன் என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும். தந்தையார் இடையிற் புகுந்து திருத்தலாகாது. பிள்ளை சொல்வது தமக்கு உடன்பாடில்லாததாயிருந்தால் அந்த ஒரு நிமிடமாவது பொறுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் கடினமான பகுதி என்று பல தந்தைமார் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள். அதே வினாவுக்கு மறுநாட் காலை பிள்ளை தானே ஆங்கிலத்தில் விடை சொல்லி, கைத்தொலைபேசியிற் பதிவு செய்து கேட்டுப் பார்க்கட்டும். எங்கே நின்றது கருத்துக்காக, எங்கே நின்றது சொல்லுக்காக என்பது அப்போது தெளிவாகத் தெரியும். முந்திய இரவிற் கருத்து வந்துவிட்டபடியால் எஞ்சியிருப்பது சொல்தான். அதற்கு அகராதி உண்டு, ஆசிரியர் உண்டு.

இக்கிழமைக்கு மூன்று வினாக்கள் தருகின்றேன். ஊர்த் தெருக்களுக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு இருக்க வேண்டும்? சமையலைப் பள்ளிக்கூடத்தில் ஆண்பிள்ளைகளுக்கும் கட்டாய பாடமாக்கினால் வீட்டில் என்ன மாறும்? முதியவர்கள் சொல்லும் புத்திமதி இளைஞருக்கு இன்றும் பயன்படுகின்றதா? கடைசி வினாவை அம்மம்மாவும் அப்பப்பாவும் இருக்கும்போதே கேளுங்கள். ஆனால் முதலிற் பிள்ளை பேசி முடிக்கட்டும்.